அவசர நேரத்தில் சுகர் பார்ப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் நான். "நெஞ்சு வலின்னு கூட்டிட்டு வந்தோம், எதுக்குங்க விரலைக் குத்துறீங்க?" என்பதில் தொடங்கி "இந்த மீட்டரை நம்பலாமா?" என்பது வரை, கூட வருபவர்கள் நிறையக் கேட்கிறார்கள். வார்டில் நின்றுகொண்டு முழுதாகப் பதில் சொல்ல நேரம் அமைவதில்லை. அந்தப் பதில்கள்தான் இவை. எண்கள் எல்லாமே நம் ஊர் மீட்டர் காட்டும் கணக்கு, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம்.

மயங்கி விழுந்தவரைக் கொண்டுவந்தால், என்ன ஏது என்று விசாரிக்கும் முன்பே விரலைக் குத்துவது ஏன்?

மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ். அதைத் தனக்கென்று சேமித்து வைத்துக்கொள்ள மூளையால் ஏறக்குறைய முடியவே முடியாது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதும் முதலில் தடுமாறுவது அதுதான். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், வலிப்பு வரும். சிலருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததுபோலவே ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது பக்கவாதமாகவோ குடிபோதையாகவோ தெரியும். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களும் உண்டு.

மயக்கத்துக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அவற்றில் சில நொடிகளில் கண்டுபிடித்து, சில நிமிடங்களில் சரிசெய்துவிடக் கூடியது சுகர் லோ. விட்டுவிட்டால் மூளையில் நிரந்தர பாதிப்பு வரும், உயிரும் போகும். ஆஸ்பத்திரியில் "சி.பி.ஜி. எவ்வளவு?" என்று டாக்டர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான், அதாவது விரல் நுனி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் முன்பும் எல்லா நோயாளிக்கும் கட்டாயமாகப் பார்த்தே ஆகவேண்டிய ரத்தப் பரிசோதனை இதுதான்.

குடித்திருப்பவர் என்றால் இன்னும் அவசியம். வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை தடைபடும். சுகர் நோயே இல்லாதவருக்கும் லோ ஆகும். "போதை தெளியட்டும்" என்று திண்ணையில் படுக்க வைத்துவிட்டு விடிந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த ராத்திரி முழுக்க மூளை பட்டினி கிடந்திருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு ஆறுவதில்லை.

எவ்வளவு இருந்தால் லோ? எவ்வளவு இருந்தால் ஆபத்து?

70-க்குக் கீழே போனால் லோ என்று எடுத்துக்கொண்டு உடனே சர்க்கரை தரவேண்டும். 54-க்குக் கீழே போனால் ஆபத்தான லோ. நீண்ட நாள் 300, 350 என்றே ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு 90-லேயே நடுக்கம் வரலாம். அடிக்கடி லோ ஆகிறவருக்கு 45 வந்தும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது ஆள்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். உடம்பு எச்சரிப்பதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

மேல் பக்கத்துக்கு இப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது. 300 இருந்தும் நன்றாக நடமாடுகிறவர் மறுநாள் டாக்டரைப் பார்க்கலாம். அதே 300-உடன் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் இருந்தால் அன்றே, அப்போதே வரவேண்டும்.

வேகமாகப் பார்க்க என்னென்ன வழி இருக்கிறது?

குளுக்கோமீட்டர்தான் முதலில். ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும். பெரும்பாலான மீட்டர்கள் 5 நொடியில் சொல்லிவிடும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி இருக்கிறது. அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் சின்ன மின்னோட்டத்தை மீட்டர் அளந்து எண்ணாக மாற்றுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்த வாயு பார்க்கும் கருவி இருக்கும். அது ஒன்றிரண்டு நிமிடத்தில் சர்க்கரையோடு ரத்தத்தின் அமிலத்தன்மை, பொட்டாசியம் எல்லாவற்றையும் சேர்த்தே தரும். லேபுக்கு அனுப்பும் ரத்தம் மிகத் துல்லியம், ஆனால் ரிசல்ட் வர நேரம் பிடிக்கும். மயங்கிக் கிடப்பவருக்கு லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. மீட்டரைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு லேபில் உறுதி செய்துகொள்வதுதான் முறை.

சரியாகக் குத்துவது எப்படி?

சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைக்கவேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகே குத்தவேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிடித்துப் பிழியாதீர்கள். திசுவில் இருக்கும் நீர் கலந்து எண் மாறிவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் விரல் விறைத்துக் கிடக்கும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி நீவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுக் குத்துங்கள், ரத்தம் தானாக வரும்.

கழுவத் தண்ணீரோ நேரமோ இல்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வைக்கலாம்.

கை கழுவாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்? ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாதா?

போதாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் இதை முக்கியமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மாங்காய் சீசனில் தோப்பிலும் மண்டியிலும் மாங்கூழ் ஆலையிலும் நாள் முழுக்கப் பழத்தோடு புழங்குகிறார்கள். வீட்டில் பழம் நறுக்குகிறவர்களும் அப்படித்தான். பழச்சாறு விரலில் காய்ந்துபோயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பிசுபிசுப்புகூட இருக்காது. ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தமோ ஒரு பொட்டு. அதில் துளி சாறு கலந்தாலும் 100 இருப்பவருக்கு 250, 300 என்று காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தாலும் அந்தச் சர்க்கரை முழுதாகப் போகாது, தண்ணீர்தான் போக்கும். வெல்லம் காய்ச்சும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், லோ ஆனவருக்கு அவசரமாகச் சர்க்கரை அள்ளிக் கொடுத்த கையோடு அவர் விரலைப் பிடிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இதே கதைதான்.

இதில் பயப்படவேண்டியது ஒன்று உண்டு. உண்மையில் 50 இருக்கும் ஒருவருக்கு விரலில் இருந்த சாறால் 180 என்று காட்டினால், "சுகர் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். ஆளைப் பார்த்தால் வியர்த்து நடுங்குகிறார், மீட்டர் நார்மல் என்கிறது என்றால், கழுவிவிட்டு வேறு விரலில் இன்னொரு முறை பாருங்கள்.

மீட்டரை எப்போதெல்லாம் நம்பக் கூடாது?

ரத்த அழுத்தம் விழுந்து கை கால் ஜில்லிட்டுப் போனவரிடம் விரல் ரத்தத்தை நம்பக் கூடாது. அங்கே ரத்த ஓட்டமே மந்தமாகியிருக்கும். உள்ளே பெரிய நாளத்தில் இருக்கும் சர்க்கரையும் விரல் நுனியில் இருப்பதும் ஒத்துப்போகாது. அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு விரலில் பார்த்தாலும் நரம்பில் ரத்தம் எடுத்து இன்னொரு முறை பார்க்கிறோம். "ஏற்கெனவே குத்தினீங்களே, மறுபடியும் ஏன் ரத்தம் எடுக்கிறீங்க?" என்று கோபப்படாதீர்கள்.

ரத்தசோகை இன்னொன்று. சிவப்பணு குறைவாக இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கர்ப்பிணிகளிலும், மலைக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களிலும், கிட்னி பழுதானவர்களிலும் ஹீமோகுளோபின் 6, 7 என்று இருப்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு மீட்டர் 80 காட்டினால் உண்மை 65 ஆக இருக்கலாம். அறிகுறி இருந்தால் எண்ணைப் பார்க்காமல் லோ என்றே நினைத்து நடக்கவேண்டும்.

அப்புறம் டிரிப்ஸ். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே மேல்பக்கமாக ரத்தம் எடுத்தால் 500, 600 என்றுகூட வரும். அது நோயாளியின் சர்க்கரை கிடையாது, பாட்டிலின் சர்க்கரை. எப்போதும் அடுத்த கையில் பார்க்கவேண்டும்.

நரம்பு வழியாக நிறைய வைட்டமின் சி ஏற்றிக்கொண்டவர்களுக்கும் மீட்டர் கூடுதலாகக் காட்டலாம். வயிற்றில் திரவம் விட்டு டயாலிசிஸ் செய்பவர்கள் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் பயன்படுத்தினால், சில ரக ஸ்ட்ரிப்கள் அதன் மால்டோஸைக் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். உங்கள் டயாலிசிஸ் டாக்டரிடம் எந்த மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்ட்ரிப் கெட்டுப்போகுமா?

போகும். டப்பாவைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரம் கெடுக்கும். வண்டி டிக்கியில் வைத்தால் வெயில் கெடுக்கும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். தர்மபுரி சித்திரை வெயிலில் ஜன்னலோரம்கூட அதைத் தாண்டும். டப்பாவில் இரண்டு தேதி பாருங்கள்: காலாவதி தேதி, திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது.

மீட்டர் எண் காட்டாமல் "லோ", "ஹை" என்று எழுத்தில் காட்டுகிறதே?

மீட்டர் அளக்கும் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். பல மீட்டர்களில் 20-க்குக் கீழே போனால் "லோ", 600-க்கு மேல் போனால் "ஹை". மீட்டர் ரிப்பேர் என்று நினைத்து வேறு கடைக்கு எடுத்துப்போகாதீர்கள். இரண்டுமே உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நிலை. "எரர்" என்று வந்தால் ரத்தம் போதவில்லை அல்லது ஸ்ட்ரிப் கோளாறு, புதிய ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள்.

வீட்டு மீட்டரில் 160, லேபில் 142. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஐஎஸ்ஓ 15197 என்ற 2013-ஆம் ஆண்டுத் தரவிதிப்படி, 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதமும், 100-க்குக் கீழே 15 புள்ளியும் முன்னே பின்னே இருக்கலாம். நூற்றில் 95 அளவுகள் அந்த வரம்புக்குள் இருந்தால் போதும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் நரம்பு ரத்தத்தைவிடச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

லேப் பக்கமும் ஒரு சங்கதி. குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். கிராமத்தில் காலையில் எடுத்து டவுன் லேபுக்கு மதியம் போய்ச் சேரும் ரத்தத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு போட்டிருக்கிறார்கள். அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மீட்டர் வாங்கி வந்தார். அம்மாவுக்கு 6.1 என்று காட்டுகிறது. இவ்வளவு குறைவா?

குறைவில்லை. அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்குங்கள்: 110 வரும். அந்த மீட்டரில் 3.9-க்குக் கீழே போனால்தான் லோ. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி மீட்டரின் மேலேயே இதை ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பெருக்கல் கணக்கு போட யாருக்கும் வராது.

மீட்டரே இல்லை. லோ மாதிரி தெரிகிறது. என்ன செய்வது?

ஆள் விழித்திருந்து, விழுங்க முடிந்தால், பார்க்காமலேயே சர்க்கரை கொடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. கால் மணி நேரம் பொறுத்து, தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். உண்மையில் சுகர் ஏறித்தான் அப்படி இருந்தது என்றாலும் இந்த மூன்று ஸ்பூனால் பெரிய கெடுதல் வராது. லோவாக இருந்து கொடுக்காமல் விட்டால் வரும் கெடுதல் பெரிது.

சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ராகிக் களியும் அந்த நேரத்துக்கு உதவாது, மெதுவாகத்தான் செரிக்கும்.

அகார்போஸ், வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை குடலில் சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்களுக்குக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் தரவேண்டும். மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிட்டு, இருந்தால் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் வாங்கி வையுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், சோடா, காபி எதுவானாலும் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

இதில்தான் எங்களுக்கும் வீட்டாருக்கும் அதிகம் வாக்குவாதம் வருகிறது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினால் உள்ளே போவது 25 கிராம் சர்க்கரை. பலர் சில நிமிடங்களில் கண் திறந்து, "நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று கேட்பார்கள். வீட்டாருக்கு நிம்மதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள்.

ஆனால் லோ ஆனதற்குக் காரணம் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை என்றால், அது உடம்பில் இன்னும் இருக்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி இறங்கும். கிட்னி பழுதானவர், வயதானவர், வாந்தி பேதியால் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டவர் என்றால் ஒரு நாளைக்கு மேலும் இழுக்கும். பஸ்ஸிலோ தூக்கத்திலோ மறுபடி மயங்கினால் கண்டுபிடிக்க ஆள் இருக்காது. அதனால்தான் ஒரு நாளாவது வைத்து மணிக்கொரு தரம் விரலைக் குத்துகிறோம். தயவுசெய்து இருங்கள்.

400 காட்டுகிறது. வீட்டிலேயே இன்சுலின் கூடுதலாகப் போடலாமா?

டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கு இருந்தால் மட்டும். கூடவே வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குதல், வாயில் பழ வாடை இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) ஏறியிருக்கலாம். அதற்கு டிரிப்ஸ், பொட்டாசியம் எல்லாம் பார்த்துத்தான் இன்சுலின் தரவேண்டும். கீட்டோனையும் விரல் ரத்தத்தில் தனி ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கலாம். 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் அவசரம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை 180, 200 என்று இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடலாம். மீட்டர் பயமுறுத்தாது, ஆனால் ஆள் மோசமாகிக்கொண்டிருப்பார். வாந்தியோடு வந்தால் இந்த மாத்திரையைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

யூரின் ஸ்ட்ரிப்பில் பார்த்தால் போதாதா?

அவசரத்துக்கு உதவாது. ரத்தத்தில் 180 தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். லோவை அது காட்டவே காட்டாது. மீட்டர் வருவதற்கு முன் பெனடிக்ட் கரைசலில் கொதிக்கவைத்து நீலம், பச்சை, செங்கல் நிறம் என்று பார்த்தார்கள். பலரை அது காப்பாற்றியிருக்கிறது, ஆனால் அது சொன்னது சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்?

அன்றாடக் கண்காணிப்புக்கு அருமையான கருவி. ஆனால் அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. வேகமாக ஏறி இறங்கும்போது 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். அந்தக் கை மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாக லோ காட்டும். மயக்கம், குழப்பம் என்றால் விரலில் பாருங்கள்.

பிறந்த குழந்தைக்கு ஏன் குதிகாலில் குத்துகிறார்கள்?

விரல் மிகச் சின்னது, எலும்பில் பட்டுவிடும். குதிகாலின் ஓரத்தில் குத்துவது பத்திரம். எடை குறைவாகப் பிறந்த குழந்தை, குறைமாதக் குழந்தை, தாய்க்குச் சுகர் இருந்து பிறந்த குழந்தை ஆகியவர்களுக்குக் கட்டாயம் பார்ப்போம். 45-க்குக் கீழே போனால் அக்கறையாகக் கவனிப்போம். பிறந்த குழந்தைக்குச் சிவப்பணு அதிகம் என்பதால் மீட்டர் குறைத்துக் காட்டக்கூடும், லேபிலும் உறுதி செய்வார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிடுவது மிக நல்லது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் வேண்டவே வேண்டாம்.

முகாமில் எல்லோருக்கும் ஒரே பேனாவில் குத்துகிறார்கள். பரவாயில்லையா?

கூடாது. ஊசியை மாற்றினாலும் விரல் குத்தும் அந்தப் பேனாவின் வாயில் ரத்தம் ஒட்டியிருக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸ் அந்த வழியாகப் பரவும். ஒருமுறை குத்தியதும் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் லேன்செட் (குத்தும் ஊசி) கேளுங்கள். வீட்டிலும் கணவனுக்கு ஒரு பேனா, மனைவிக்கு ஒரு பேனா.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, அவசரத்துக்கு அவர்களைக் கூப்பிடலாமா?

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தருவது அதன் வேலை. அவசரத்துக்கு 108. அதில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் ஊசியும் இருக்கும். ஆனால் மக்களைத் தேடி வரும் அக்கா குறித்துக்கொடுத்த பழைய அளவுகள் எங்களுக்கு மிகவும் உதவும். அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் ஊர் மலை மேல். ஆம்புலன்ஸ் வர நேரமாகும். வரும்வரை என்ன செய்வது, வரும்போது என்ன கொண்டுவருவது?

அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இன்சுலின் போடுகிறவர் இருக்கும் வீட்டில் குளுக்கோஸ் பவுடரும் மீட்டரும் இருந்தே ஆகவேண்டும். வசதிப்பட்டால், இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுககான் ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். நினைவில்லாதவருக்கும் 1 மில்லிகிராம் தசையில் போடலாம், வீட்டாரே பழகிக்கொள்ளலாம். குடித்தவருக்கும் நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கும் அது சரியாக வேலை செய்யாது. 108-இல் பேசும்போது "சுகர் பேஷண்ட், இன்சுலின் போடுறவர், நினைவில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டையையும் சேர்த்து, ஒரு பையில் போடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் போட்டார், வழியில் சர்க்கரை ஏதாவது கொடுத்தீர்களா என்று ஒரு தாளில் குறியுங்கள். மீட்டரையும் எடுத்து வாருங்கள். அதன் மெமரியில் கடந்த சில நாட்களின் அளவு தேதியோடு இருக்கும். ராத்திரி இறங்குகிறதா, மதியம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் எந்த மருந்தைக் குறைப்பது என்று முடிவு செய்வார்.